ஐம்பது மீட்டர்

1

பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையில் அளந்தாலும் ஐம்பது மீட்டர். அந்தத் தூரத்துக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. பள்ளிக்குள் நடக்கும் கேன்டீனில் விற்கவே கூடாது. யூடியூபில் யாரோ ஒரு டயட்டீஷியன் சொன்ன அறிவுரை என்று நினைத்துவிட வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அரசிதழில் வெளியிட்ட விதிமுறை. டெல்லியில் ஒரு தொண்டு அமைப்பு 2010-இல் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் தொடங்கி, 2015 உத்தரவைத் தாண்டி, இந்த ஒரு வரி காகிதத்துக்கு வந்து சேரப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

போன வருடம் மகளின் பள்ளியில் பெற்றோர் பிரதிநிதிகள் குழுவில் என் பெயரையும் சேர்த்தார்கள். கோயம்புத்தூரில் ஐடி கம்பெனிகள் வந்தபிறகு முளைத்த சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று. குழுவுக்கு வந்த பிறகுதான் இந்த விதியைத் தேடிப் படித்தேன். படித்ததும் ஒரு சனிக்கிழமை காலை வாசலில் நின்று நடந்து அளந்தேன். என் நடைக்கு ஐம்பது மீட்டர் என்பது எழுபத்தொரு எட்டு.

அதற்குள் என்னவெல்லாம் இருந்தது? இடப்பக்கம் ஒரு பேக்கரி. அதை ஒட்டி, சரம் சரமாக பாக்கெட் தொங்கும் பெட்டிக்கடை. வலப்பக்கம் சாயந்திரம் மட்டும் வரும் பானிபூரி வண்டி நிற்கும் இடம். வேப்பமரத்தடியில் கூடையோடு ஒரு பாட்டி. கூடையில் நெல்லிக்காய், கொய்யா, வேகவைத்த நிலக்கடலை, கீறி மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய். வாசலுக்கு உள்ளே, பூஜ்யமாவது மீட்டரில், கேன்டீன். பஃப்ஸ், சமோசா, கிரீம் பிஸ்கட், பாட்டிலில் அடைத்த மஞ்சள் நிறத் தண்ணீர்.

சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "ஆப் வேகமாக இருக்க வேண்டும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் டெஸ்டிங் டீம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். வேகம் என்றால் எத்தனை மில்லிசெகண்ட்? எண் இல்லாவிட்டால் சோதிக்க முடியாது, சோதிக்க முடியாததை யாரும் செய்யப்போவதில்லை. 2020 விதிமுறையில் எனக்கு உறுத்தியது அதுதான். "அதிகம்" என்று இருக்கிறது. எவ்வளவு அதிகம் என்பதற்கு எண் இல்லை. சிலி நாட்டில் 2016-இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நூறு கிராமுக்கு இத்தனை சர்க்கரை, இத்தனை சோடியம் என்று எண் வைத்தார்கள். எண்ணைத் தாண்டினால் பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை விழும். முத்திரை விழுந்ததைப் பள்ளிக்குள் விற்க முடியாது. கேன்டீன்காரர், ஹெட்மாஸ்டர், பெற்றோர் யாரும் விவாதிக்க வேண்டியதில்லை, முத்திரையைப் பார்த்தால் போதும்.

நம் விதியில் எண் இருப்பது ஓர் இடத்தில் மட்டும். அந்த ஐம்பது. பள்ளி நிர்வாகம் அந்த எண்ணை எப்படிப் பயன்படுத்தப் பார்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

நான் படித்தது ராசிபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. அப்பா இறந்தபோது எனக்கு நான்கு வயது. கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை என்ற அடிப்படையில் அம்மாவுக்கு சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறகு சமையலர் ஆனாள். என் பள்ளிக்கூட நாட்களில் பாதி ஞாபகம் அந்தக் கூடத்தின் புகைதான். விறகடுப்பு, அலுமினிய அண்டா, சுவரெல்லாம் கரி.

காலையில் மணி அடித்து ஆஜர் எடுத்து முடிந்ததும், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பையன் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையைக் கொண்டுவந்து கொடுப்பான். இன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று. அந்த எண்ணைக் கூட்டிய பிறகுதான் அமைப்பாளர் அரிசியை எடை போடுவார். முதலில் தலை எண்ணு, பிறகு உலை வை. இந்த வரிசை ஒருநாளும் மாறி நான் பார்த்ததில்லை.

முட்டை 1989-இல்தான் சத்துணவுக்கு வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-இல் வாரம் ஒன்று. நான் பள்ளி முடித்துப் போன பிறகு, 2010-இல், வாரத்துக்கு ஐந்து ஆனது. எங்கள் காலத்தில் முட்டை நாள் என்பது வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மா நூற்றுச் சொச்சம் முட்டைகளை உரித்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடுதான் வருவாள். "எண்ணி வந்தது, எண்ணிப் போச்சு" என்பாள்.

இந்தக் கணக்குக்கு நூறு வருட வயது. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது தீர்மானத்தில் இருந்த எண். கல்வி நிதியிலிருந்து சோற்றுக்கு எப்படிச் செலவழிப்பது என்ற ஆங்கில அரசின் ஆட்சேபத்தில் 1925-இல் அது நின்றது, சில வருடங்களில் மீண்டும் வந்தது. 1956-இல் காமராஜர். 1982 ஜூலை 1-இல் எம்ஜிஆர், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியா முழுவதற்கும் சேர்த்துச் சொன்னது: சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருடத்துக்குக் குறைந்தது 200 நாள். இன்றைய தேசிய அளவு, ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரியும் 12 கிராம் புரதமும். அதற்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய்.

சத்துணவை நான் புனிதப்படுத்தவில்லை. தண்ணீர் சாம்பாரைக் குடித்து வளர்ந்தவன்தான் நானும். சமைத்தவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற திட்டம் அது. ஒரு பிள்ளைக்கு இன்றைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று கேட்டால் கிராம் கணக்கில் பதில் வரும். வருடத்துக்கு லட்சத்தைத் தொடும் ஃபீஸ் கட்டும் என் மகளின் பள்ளியில் அதே கேள்விக்கு என்ன பதில்? "கேன்டீன் இருக்குங்க சார்."

என் அக்காவின் கடைசிப் பையன் ஊரில் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டத்தில் அவனுக்குக் காலையில் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது, சாம்பாரோடு. என் மகளுக்கு ஏழு பத்துக்கு வேன். பாதி நாள் அவள் காலை உணவு வேனில் தின்னும் நாலு பிஸ்கட். எங்கள் வீட்டில் மாவு இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது, இரண்டு சம்பளம் இருக்கிறது. நேரத்தைப் பள்ளி எடுத்துக்கொண்டது.

3

மனுவை எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் ஹெல்த் கேம்ப் நடந்தது. ஒரு மருத்துவக் குழு வந்து பல், கண், உயரம், எடை எல்லாம் பார்த்துவிட்டு ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் பிஎம்ஐ. பச்சை, மஞ்சள், சிவப்பு.

மகளின் அட்டை எங்களிடம் வரவில்லை. நான்கு நாள் கழித்து மனைவி அதை ஜாமெட்ரி பாக்ஸுக்குள், எட்டாக மடித்து ஸ்கேலுக்கு அடியில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தாள். சிவப்பு. அந்த நான்கு நாளும் டிபன் பாக்ஸ் திறக்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டால் "பசிக்கலப்பா" என்றாள். ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. வரிசையில் நின்றபோது பின்னால் இருந்த பையன் அவள் அட்டையை எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்திருக்கிறான். சார் ஒருவரும் சிரித்தார் என்று பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அன்றிரவு அவள் தூங்கிய பிறகு மனைவி லேப்டாப் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மனுல என்ன எழுதப்போறீங்க?"

"குழந்தைங்க ஹெல்த் பத்தி. டேட்டாவோட."

"எந்தக் குழந்தைங்க? நீங்க மீட்டிங்ல எந்திரிச்சு ஒபிசிட்டினு பேசினா எல்லாரும் மொதல்ல உங்க பொண்ணத்தான் நெனச்சுப்பாங்க. அவளோட கிளாஸ்ல இன்னும் நாலு பேரு இருக்காங்க, அவங்களையும் நெனப்பாங்க. நீங்க மனு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா அதுல பாப்பா உடம்பு வரக் கூடாது."

மறுநாள் அம்மாவிடம் போனில் பேசியபோது அட்டை விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"புள்ளைங்களையா எடை போட்டுச் சீட்டுக் குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"நாங்க எடை போட்டது அரிசியத்தான் கண்ணு."

அதைச் சொல்லிவிட்டு அவள் வழக்கம்போல ஆட்டுக்குட்டி விஷயத்துக்குப் போய்விட்டாள். நான் மனுவின் முதல் வடிவத்தை அந்த வாக்கியத்தை வைத்துத்தான் எழுதினேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த வாக்கியத்திலும் பிள்ளை எழுவாயாக வரக் கூடாது. பள்ளி என்ன விற்கிறது, பள்ளி மைதானத்தில் எதை நிறுத்துகிறது, பள்ளி எத்தனை நிமிடம் கொடுக்கிறது. பருமன், குண்டு, ஒல்லி, எடை, சிவப்பு எதுவும் இல்லை. ஒல்லியாக இருக்கிற பிள்ளைக்கும் ஓட இடம் வேண்டும். ஒல்லியாக இருக்கிற பிள்ளையும் காலையில் பிஸ்கட்தான் தின்கிறது.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் டீமில் முப்பத்தைந்து தாண்டாத மூன்று பேர் மெட்ஃபார்மின் போடுகிறார்கள். போன வருடச் செக்கப்பில் நானும் எல்லைக் கோட்டுக்கு வந்துவிட்டேன். எங்களில் யாரும் ஒருநாளில் இப்படி ஆகவில்லை. பதினோராம் வகுப்பில் மைதானத்தை விட்டு வெளியே வந்தவர்கள் யாரும் திரும்ப அதற்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

4

பி.டி. பீரியட் என்றால் கணக்கு டீச்சர் வரும் பீரியட் என்பது என் தலைமுறைக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. சிபிஎஸ்இ 2018-இலேயே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் விளையாட்டுக்கு என்று சொல்லிவிட்டது. விதி இல்லாமல் இல்லை.

பள்ளியின் பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். பல்கலைக்கழக அளவில் ஹாக்கி ஆடியவர். ஆபீஸ் ரூம் என்று அவருக்குக் கொடுத்திருந்தது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோணம். அதற்குள் நான்கு காற்றிறங்கிய கால்பந்துகள். அவர் ஒரு பாக்கெட் டைரியை எடுத்துக் காட்டினார். தன் பீரியட்களை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு வருடமாகக் குறித்து வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு ஒரு செக்‌ஷனுக்கு ஜூலை மாதத்தில் எட்டு பீரியட். ஐந்து போயிருந்தது. கணக்கு மூன்று, அறிவியல் ஒன்று, சுதந்திர தின டான்ஸ் ரிகர்சல் ஒன்று.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா சார்?"

"யார் கேட்டாங்க? நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்கள் மனுவுக்குள் போயின. ஒன்று, மைதானம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பதினெட்டு பஸ்களும் மாலை வரை அங்கேதான் நிற்கின்றன. மிஞ்சிய இடத்தில் ஒரு வகுப்பு ஆடலாம், ஒரே நேரத்தில் மூன்று வகுப்புக்கு டைம்டேபிள். இரண்டு, பெண் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு தாண்டியதும் மிஞ்சிய இடத்தைப் பையன்களின் கிரிக்கெட் எடுத்துக்கொள்கிறது. பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ரெகார்டு நோட்டு எழுதுகிறார்கள். "சுடிதாரும் ஓவர்கோட்டும் போட்டுட்டு எப்படி சார் ஓடுவாங்க? ட்ராக் பேன்ட் வாரத்துல ஒரு நாள்தான் அலவ் பண்றாங்க."

வாட்சப் குழுவில் இதைப் போட்டபோது வந்த முதல் பதில்: "நாங்க பேட்மின்டன் அகாடமி அனுப்பறோமே ப்ரோ." உண்மைதான். ஐந்தரை மணிக்கு அகாடமி, ஏழுக்கு ஸ்விம்மிங், எல்லாம் ஊரில் இருக்கிறது. மாதம் மூவாயிரமும், கொண்டுபோய் விட ஓர் ஆளும் இருந்தால் போதும். என் மகளின் வகுப்பில் ஆட்டோ ஓட்டுகிறவர் பெண்ணும் இருக்கிறாள், அவருடைய சம்பாத்தியம் பூராவும் ஃபீஸுக்குத்தான் போகிறது. அவளுக்கு ஓடக் கிடைக்கிற ஒரே இடம் அந்த மைதானம், ஒரே நேரம் அந்த நாற்பது நிமிடம். அதைத்தான் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 2012-இல் தலைமையாசிரியை எலைன் வைலி ஆரம்பித்த ஒரு பழக்கம் உண்டு. தினமும் பதினைந்து நிமிடம், போட்டிருக்கிற உடுப்போடு, வகுப்பு முழுவதும் வெளியே போய் ஓடியோ நடந்தோ வர வேண்டும். போட்டி இல்லை, பரிசு இல்லை, உபகரணம் இல்லை. 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, யாரும் கடைசியாக வர முடியாது என்பது. அதையும் மனுவில் சேர்த்தேன்.

5

கேன்டீன்காரரைப் பற்றி எனக்கு ஒரு வில்லன் சித்திரம் இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர், வருடத்துக்கு ஒரு தொகை பள்ளிக்கு வாடகையாகக் கட்டுபவர். தொகையைச் சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த இடத்துக்கு ரோட்டுமேல் கடை பிடிக்கலாம்.

"சுண்டல் போடலாமேண்ணா?" என்று கேட்டேன்.

"போட்டேனுங்க. மொத வருசம் போட்டேன். சுண்டல் மீந்தா சாயந்திரம் கொட்டோணும். பாக்கெட்டு மீந்தா நாளைக்கு விக்கும், நாளான்னிக்கும் விக்கும். இந்த வாடகைக்கு நான் கொட்டற பொருள் விக்க முடியாதுங்."

பிள்ளைகளின் நாக்கைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன், விளம்பரம், டோபமைன் என்று. மீந்து போவதைப் பற்றி எங்கேயும் படிக்கவில்லை. கேன்டீன் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு எண்கள். வாடகை, கெட்டுப்போகும் நேரம். வாடகையைப் பள்ளிதான் வைக்கிறது. கெட்டுப்போகும் நேரத்தை யாராலும் மாற்ற முடியாது, ஆனால் மீதமே விழாமல் பார்த்துக்கொள்ளலாம். எப்படி? ராசிபுரத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கூடத்தில் அதற்கு வழி இருந்தது. முதலில் தலை எண்ணு, பிறகு உலை வை. காலை ஆஜர் எடுக்கும்போதே இன்றைக்கு யாருக்குச் சுண்டல் வேண்டும் என்று எண்ணி ஒரு சீட்டு கேன்டீனுக்குப் போனால் போதும். பதினொன்றரை இடைவேளைக்கு எண்ணிச் சமைத்தது எண்ணிப் போய்விடும்.

இனி அந்த ஐம்பது மீட்டர். முதல் கூட்டத்திலேயே நிர்வாகத் தரப்பில் ஒருவர் விதிமுறையை நான் எடுத்துவந்ததற்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, "வாட்ச்மேன்கிட்ட சொல்லி அந்தப் பாட்டிய நாளையிலருந்து எடுத்துடலாம்" என்றார். பேக்கரி சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அதை யாரும் தொட முடியாது. கேன்டீன் வாடகை தருகிறது. எடுத்துவிடக்கூடியது மரத்தடிக் கூடை ஒன்றுதான். அந்த எழுபத்தொரு எட்டுக்குள் பழம் விற்கிற ஒரே ஆள் அவர். நெல்லிக்காயில் எந்தச் சர்க்கரை சேர்த்தார் அவர்? மாங்காய் மேல் உப்பைக் குறைக்கச் சொல்லலாம், கூடைக்கு மூடி போடச் சொல்லலாம். விரட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை.

மேலிருந்து வரும் விதி எப்படி உடையும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. ஜேமி ஆலிவர் என்ற சமையல்காரர் 2005-இல் பள்ளி உணவு பற்றித் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். நாடே கொதித்தது, அரசாங்கம் புதிய தரங்களைக் கொண்டுவந்தது. 2006 செப்டம்பரில் ராதரம் பக்கம் ராமார்ஷ் என்ற ஊரில், பிள்ளைகளை மதியம் வெளியே விடாத பள்ளியின் வேலிக்கு வெளியே சில அம்மாக்கள் வந்து நின்றார்கள். ஆர்டர் எடுத்து பர்கரும் சிப்ஸும் வாங்கிவந்து வேலி வழியாகக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அந்த அம்மாக்களைக் கிழித்து எடுத்தன. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஒருநாள் காலையில் தட்டில் இருப்பது மாறிப்போனது, மாற்றியவர்கள் யாரும் அவர்களிடம் வந்து பேசவில்லை. பசியோடு வீடு திரும்பும் பிள்ளையை அம்மாக்கள் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

அதனால் மனுவோடு நேராக நிர்வாகத்திடம் போகவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வீடு. டீ குடித்தபடி பேசினோம். ஆட்டோ ஓட்டும் அண்ணன் வீட்டிலும் ஒரு ஞாயிறு. அங்கேதான் எங்களுக்கு எழுதத் தோன்றாத ஒன்றை அந்த அக்கா சொன்னார்: "மொதல்ல குடிக்கத் தண்ணி வைக்கச் சொல்லுங்க. மூணாவது மாடில இருந்து கீழ எறங்கிவர பயந்துட்டுப் புள்ள தண்ணியே குடிக்கறதில்ல." மாடிக்கு ஒரு தண்ணீர் டாங்கி. பாட்டில் பானம் ஏன் விற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருந்தது.

6

கடைசியில் மனுவில் எட்டு கோரிக்கைகள், நூற்று நாற்பத்திரண்டு கையெழுத்துகள். அக்டோபர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். நடந்தது இது.

மாடிக்கு மாடி குடிதண்ணீர், உடனே ஒத்துக்கொண்டார்கள். ட்ராக் பேன்ட் பி.டி. இருக்கிற எல்லா நாளும் போடலாம். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் மைதானம் பெண்களுக்கு மட்டும். ஹெல்த் கேம்ப் அட்டை இனிமேல் ஒட்டிய கவரில் பெற்றோர் கைக்கு மட்டும் வரும், எடை பார்ப்பது திரைக்குப் பின்னால். இதை என் மனைவிதான் பேசினாள். மகள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பேசி முடித்ததும் பின்வரிசையில் இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். ஜாமெட்ரி பாக்ஸ்கள் வேறு வீடுகளிலும் இருந்திருக்கின்றன.

பி.டி. பீரியட்டுக்கு ஒரு கடன் பதிவேடு. வாங்குகிற ஆசிரியர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது பி.டி. சாரின் டைரியிலிருந்து பிறந்த யோசனை. எங்கள் வேலையில் லாக் ஃபைல் என்போம். நவம்பரில் எட்டாம் வகுப்பின் அதே செக்‌ஷனுக்கு ஒரே ஒரு கையெழுத்து. யாரையும் திட்டவில்லை, பெயர் எழுத வேண்டும் என்றதும் கடன் குறைந்துவிட்டது.

பஸ்களில் பாதிதான் மைதானத்தை விட்டு நகர்ந்தன, மீதிக்கு இடமில்லை என்கிறார்கள். தினமும் பதினைந்து நிமிட ஓட்டத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காலை முதல் அரை மணி நேரம் ஸ்லிப் டெஸ்ட் நேரமாம். கேன்டீனில் செவ்வாயும் வியாழனும் எண்ணிச் சமைக்கும் சுண்டல், அரையாண்டு வரை சோதனைக்கு. முதல் செவ்வாய் நாற்பது சீட்டு வந்தது. இப்போது நூறைத் தொடுகிறது. என் மகள் சில வாரம் வாங்குகிறாள், சில வாரம் பஃப்ஸ். டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது, நாங்கள் அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்பதில்லை. பாக்கெட்டும் மஞ்சள் பானமும் அப்படியே இருக்கின்றன, குத்தகை மார்ச்சில்தான் முடிகிறது. பாட்டியைப் பற்றி யாரும் எதுவும் முடிவெடுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச்சில் புதுக் குத்தகைக்கு விளம்பரம் போடுவதற்குள் நிபந்தனைகளை எழுதித் தருமாறு எங்கள் குழுவிடமே கேட்டிருக்கிறார்கள். "அதிகம்", "சத்தான", "ஆரோக்கியமான" போன்ற எந்தச் சொல்லையும் பயன்படுத்துவதில்லை என்று முடிவு. எல்லாமே எண். எந்தப் பொருளில் நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை வரை போகலாம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் எத்தனை பேருக்கு, வாடகை எவ்வளவைத் தாண்டக் கூடாது. சுண்டல் அளவுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். யோசிக்கவே இல்லை அவள்.

"தலைக்கு இருவது கிராம். நூறு புள்ளைக்கு ரெண்டு கிலோ கடலை. மொத நாள் ராத்திரியே ஊறப்போட்ரோணும், இல்லீன்னா வேகாது. எண்ணிக்கை கூடுனா தண்ணி சேக்கக் கூடாது, கடலைதான் சேக்கோணும். அதையும் எழுதிக்க."

ஒன்பதாவது நிபந்தனையாக எழுதிக்கொண்டேன்.